ஹைட்ரோபோனிக் கீரைப் பெட்டி ரிவ்யூ: தண்ணி கணக்கு ஓகே, கரண்ட் கணக்கு எங்க?

ஹைட்ரோபோனிக்ஸ்னா மண்ணே இல்லாம, உரம் கலந்த தண்ணியில செடி வளக்கறது. அந்தப் பெட்டியோட அட்டையில பச்சை எழுத்துல பெருசா போட்டிருக்கான், மண்ணுல வளக்குறத விட 90 சதவீதம் தண்ணி மிச்சம்னு. இந்த ஒரு வரிய வெச்சுத்தான் இந்த மாதிரி கிட் எல்லாமே விக்குது, கம்பெனி பேரு மட்டும் தான் மாறும். நான் வாங்கினது எந்த கம்பெனின்னு இங்க சொல்லப்போறதில்ல, ஏன்னா இந்த சைஸ்ல வர்றது எல்லாமே உள்ள கிட்டத்தட்ட ஒண்ணு தான், கீழ ஒரு தண்ணி தொட்டி, அதுக்குள்ள ஒரு குட்டி பம்ப், மூடியில ஆறு ஓட்டை, மேல கம்பியில தொங்குற ஒரு எல்இடி லைட், கூடவே போன்ல ஒரு ஆப். ரிவ்யூ தேடிப் பாத்தீங்கன்னா கீரை எவ்ளோ வேகமா வளருது, சமையலறை மூலையில வெச்சா எவ்ளோ அழகா இருக்குன்னு தான் எல்லாரும் எழுதறாங்க. அழகா தான் இருக்கு, மறுக்கல. ஆனா அட்டையில தண்ணிய பத்தி போட்டவன் கரண்ட பத்தி ஒரு வார்த்தை கூட போடல பாருங்க, அங்க தான் எனக்கு சந்தேகம் வந்துச்சு. அதனால கரண்ட் எவ்ளோ இழுக்குதுன்னு பாக்குற மீட்டர ப்ளக்ல சொருகி, ஊத்துற தண்ணிய அளந்து, அறுத்த கீரைய எடை போட்டு தான் இத எழுதறேன்.

இப்படி மூணையும் சேத்து பாக்குறது என் ஐடியா ஒண்ணும் இல்ல. 2011ல ஜெர்மனியில பான் நகரத்துல ஒரு மாநாடு நடந்துச்சு, தண்ணி, எரிசக்தி, சாப்பாடு மூணையும் தனித்தனியா பாக்காம ஒண்ணா வெச்சு கணக்கு போடணும்ங்கற பேச்சு அதுக்கப்புறம் தான் நல்லா சூடு புடிச்சது, இப்ப நெறைய யுனிவர்சிட்டில இதுக்குன்னே தனி குழு இருக்கு, முக்கியமா நகரங்கள வெச்சு. காரணம் சிம்பிள். உலகத்துல எடுக்கற நல்ல தண்ணியில ஏறக்குறைய 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகுது, மொத்த எரிசக்தியில சுமார் 30 சதவீதம் சாப்பாடு விளையறதுல இருந்து தட்டுக்கு வர்ற வரைக்கும் ஆகுற வேலைக்குப் போகுது, கரண்ட் தயாரிக்கவும் தண்ணி வேணும், தண்ணிய தூக்கவும் சுத்தம் பண்ணவும் கரண்ட் வேணும். ஒரு பக்கம் மிச்சம் புடிச்சோம்னு சந்தோஷப்பட்டா அந்த செலவு சத்தமில்லாம இன்னொரு பக்கம் ஏறி உக்காந்திருக்கும். இந்தப் பெட்டியில அது அப்படியே நடக்குது, அதுக்குத்தான் வர்றேன்.

முதல்ல செட்டப். ரொம்ப ஈசி, ஸ்க்ரூ டிரைவர் கூட வேணாம். ஸ்பான்ஞ்சுல விதைய வெச்சு, சின்ன கூடையில போட்டு, ஓட்டைக்குள்ள இறக்கி, தொட்டியில தண்ணி ஊத்தி ரெண்டு பாட்டில்ல இருந்தும் உரக் கரைசல் மூடிக் கணக்குல ஊத்தினா முடிஞ்சது. லெட்டூஸ், துளசி வகை, புதினா எல்லாம் முளைக்கறதுல எந்தப் பிரச்னையும் இல்ல. தக்காளி, மிளகாய்னு படம் போட்டிருக்கறத நம்பாதீங்க, முளைக்கும், வளரும், லைட்ட முட்டும், அதுக்கப்புறம் இந்த வெளிச்சத்துல காய் புடிக்கறதெல்லாம் சொல்லிக்கற மாதிரி இருக்காது.

தண்ணி விஷயத்துல அட்டை பொய் சொல்லல, அத முதல்ல சொல்லிடறேன். அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆளுங்க 2015ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அமெரிக்காவுல யூமாங்கற வறண்ட ஊர்ல லெட்டூஸ மண்ணுல வளத்தா எவ்ளோ ஆகும், பசுமைக்குடில்ல ஹைட்ரோபோனிக்ஸ்ல வளத்தா எவ்ளோ ஆகும்னு கணக்கு போட்டு. மண்ணுல ஒரு கிலோவுக்கு 250 லிட்டர், ஹைட்ரோபோனிக்ஸ்ல 20 லிட்டர். பன்னெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம். என் பெட்டியில வாரா வாரம் ஊத்தின தண்ணிய கூட்டிப் பாத்தா ஒரு அறுவடைக்கு சுமார் 10 லிட்டர், கிடைச்ச கீரை அரை கிலோவுக்கு முன்ன பின்ன, அதாவது அந்த 20 லிட்டர் கணக்குக்கு ரொம்ப கிட்ட வருது. ஏன் இவ்ளோ கம்மின்னா மண்ணுல ஊத்துற தண்ணியில பெரும்பகுதி கீழ இறங்கிப் போயிடும், மேல இருந்து ஆவியாயிடும், இங்க மூடி போட்ட தொட்டியில வேர் குடிக்கறது மட்டும் தான் வெளிய போகுது, அதுவும் இலை வழியா தான். வெயில் காலத்துல ஊர் ஊரா தண்ணிக்கு அடிச்சுக்கற காலத்துல இது சின்ன விஷயம் கிடையாது.

அதே ஆய்வுல அடுத்த வரி தான் எந்த கம்பெனியும் அட்டையில போடாதது. மண்ணுல ஒரு கிலோ லெட்டூஸுக்கு 1,100 கிலோஜூல் எரிசக்தி, ஹைட்ரோபோனிக்ஸ்ல 90,000. எண்பது மடங்குக்கும் மேல. கிலோஜூல்ல சொன்னா உறைக்காது, நமக்குத் தெரிஞ்ச யூனிட்ல சொன்னா மண்ணுல 0.3 யூனிட், அங்க 25 யூனிட். அதுல பம்புக்கு ஆனது கால் யூனிட் கூட இல்ல, லைட்டுக்கு சுமார் 4 யூனிட், மீதி எல்லாமே குடிலுக்குள்ள சூடு குளிர சமாளிக்கத்தான். விளைச்சல் மட்டும் பாத்தா ஒரு சதுர மீட்டர்ல வருஷத்துக்கு 41 கிலோ, மண்ணுல 3.9 கிலோ தான், அதனால இடம் இல்லாத நகரத்துக்கு இது ஏத்ததுன்னு சொல்றதுல அர்த்தம் இருக்கு, ஆனா அந்த இடத்த நாம கரண்ட குடுத்து தான் வாங்கறோம்.

இப்ப என் பெட்டி. லைட் 30 வாட்னு லேபிள்ல இருக்கு. ஒரு நாளைக்கு 16 மணி நேரம் எரியுது, அது தான் கம்பெனி செட்டிங். 30 பெருக்கல் 16, ஒரு நாளைக்கு 480 வாட் ஹவர், அரை யூனிட்னே வெச்சுக்கலாம். விதைச்சதுல இருந்து லெட்டூஸ் அறுக்க சுமார் 35 நாள் ஆகும்னு கார்னெல் யுனிவர்சிட்டி கையேட்டுல இருக்கு, அந்தக் கணக்குல பாத்தா 17 யூனிட். அதுக்கு பதிலா கிடைக்கறது அரை கிலோ கீரை. அப்ப ஒரு கிலோவுக்கு 34 யூனிட்! யூமா குடில்ல சூடு குளிருக்கெல்லாம் சேத்தே 25 தான், இங்க வெறும் லைட்டுக்கே அதுக்கு மேல போயிடுச்சு, ஏன்னா அங்க பெரும்பாலான வெளிச்சத்த சூரியன் ஓசியில குடுக்குது, நம்ம பெட்டி சமையலறை மூலையில சூரியனே பாக்காம உக்காந்திருக்கு. மீட்டர்ல வந்தது இதுக்கும் கொஞ்சம் கூட, அடாப்டர் சூடாகுற செலவும் பம்பும் சேந்து வருதுல்ல.

இன்னொரு கணக்கு போட்டேன், போடாம இருந்திருக்கலாம். லெட்டூஸ் நூறு கிராம்ல சுமார் 15 கலோரி தான், மீதி பெரும்பாலும் தண்ணி. அரை கிலோவுல 75 கலோரி. யூனிட்டா மாத்தினா 0.1 கூட வராது. 17 யூனிட் உள்ள போய் 0.1 யூனிட் சாப்பாடா வெளிய வருது. கீரைய யாரும் கலோரிக்காக சாப்பிடறதில்ல, அது தெரியும், அதனால இத வெச்சு பெட்டிய திட்டறது முழுசா நியாயம் இல்ல தான், ஆனா "வீட்டுக்குள்ளயே விவசாயம், நகரத்தோட பசிய தீக்கும்"னு விளம்பரத்துல வர்றப்ப இந்த நம்பர் ஞாபகம் வரணும். பசிய தீக்கற தானியம், பருப்பு, கிழங்கு எதையும் இந்த மாதிரி லைட்டுக்கு கீழ வளத்து கட்டுப்படியாகாது.

சரி, தண்ணி கதைக்கு திரும்ப வருவோம், ஏன்னா அது இன்னும் முடியல. அந்த 17 யூனிட் எங்க இருந்து வருது? நிலக்கரி மாதிரி அனல்மின் நிலையத்துல இருந்துன்னா, அங்க கூலிங் டவர்ல ஒரு யூனிட் கரண்டுக்கு ரெண்டு, ரெண்டரை லிட்டர் தண்ணி ஆவியா போகும். 17 யூனிட்டுக்கு 34ல இருந்து 42 லிட்டர். நான் தொட்டியில ஊத்தினது 10 லிட்டர், எனக்குத் தெரியாம எங்கயோ ஒரு கூலிங் டவர்ல அதவிட மூணு நாலு மடங்கு புகையா மேல போயிருக்கு. ரெண்டையும் கூட்டினா அரை கிலோவுக்கு 50 லிட்டர்னு வெச்சுக்கலாம், யூமா கணக்குல மண்ணுல அதே அரை கிலோவுக்கு 125 லிட்டர். அப்பவும் பெட்டி தான் ஜெயிக்குது, ஆனா பன்னெண்டு மடங்கு ரெண்டரை மடங்கா சுருங்கிப் போச்சு, 90 சதவீதம்னு போட்டது 60 ஆயிடுச்சு. சோலார்லயோ காத்தாலையிலயோ வர்ற கரண்டுன்னா இந்த மறைமுகத் தண்ணி கிட்டத்தட்ட இல்லாமலே போயிடும், அப்ப அட்டையில இருக்கறது உண்மை. ஆக 90 சதவீதம்ங்கற நம்பர் பெட்டிக்குள்ள இல்ல, உங்க வீட்டு ப்ளக்குக்கு பின்னாடி எந்த மாதிரி மின் நிலையம் இருக்குங்கறதுல இருக்கு. இத எந்த சேல்ஸ் ஆளும் சொல்ல மாட்டான், அவனுக்கே தெரியாது.

கார்பன் கணக்கும் இதே பிளக்குல தான். உலக சராசரியில ஒரு யூனிட் கரண்டுக்கு சுமார் அரை கிலோ கார்பன் டை ஆக்சைடு, அப்ப ஒரு அறுவடைக்கு 8 கிலோ கிட்ட.

லைட்ட பத்தி ரெண்டு வார்த்தை. சில மாடல்ல ஊதாவும் ரோஸும் கலந்த ஒரு கலர்ல எரியும், செடிக்கு சிவப்பும் நீலமும் போதும்னு சொல்லி. அது பாதி உண்மை தான். 1972லயே மெக்ரீங்கற விஞ்ஞானி 22 வகை பயிர் இலைய வெச்சு ஒவ்வொரு நிற வெளிச்சத்துக்கும் ஒளிச்சேர்க்கை எவ்ளோ நடக்குதுன்னு அளந்து காட்டிட்டாரு, பச்சை வெளிச்சத்தையும் இலை நல்லாவே பயன்படுத்துது. நான் எடுத்தது வெள்ளை லைட். அதுக்கு ஒரே காரணம் கண்ணு, ஊதா லைட்டுக்குக் கீழ இலை கறுப்பா தெரியும், பூச்சி புடிச்சிருக்கா, மஞ்சளாகுதான்னு ஒண்ணும் புரியாது, வீடும் ஏதோ டிஸ்கோ மாதிரி இருக்கும். வாங்கறப்ப வாட்ட பாக்காதீங்க, ஒரு ஜூலுக்கு எத்தன மைக்ரோமோல்னு பாருங்க, அதாவது இழுக்கற கரண்டுக்கு எவ்ளோ ஒளித்துகள் வெளிய வருதுன்னு, அது தான் லைட்டோட மைலேஜ். இப்ப வர்ற நல்ல எல்இடி 2.5க்கு மேல குடுக்கும். எங்க கிட்டோட பெட்டியில, மேனுவல்ல, வெப்சைட்ல எங்கயுமே அந்த நம்பர் இல்ல. மெயில் போட்டு கேட்டேன், "எங்க லைட் செடிகளுக்கு மிகவும் ஏற்றது"ன்னு பதில் வந்துச்சு, நன்றி.

இன்னொன்னு, அந்த 30 வாட்டும் கடைசில அறைக்குள்ள சூடா தான் மாறும், இலைக்குள்ள தங்கறது துளியூண்டு. குளிர் ஊர்ல அது நல்லது தான், ஹீட்டர் செய்யற வேலையில ஒரு துளிய இது செஞ்சிடுது. சூடான ஊர்ல ஏசி ஓடற அறையில வெச்சா அந்த சூட்ட வெளிய தள்ள ஏசிக்கும் தனியா கரண்ட். வாங்கி வெச்ச இடமும் சீசனும் மாறினா அதே பெட்டிக்கு வேற மார்க் வரும்.

இந்த சூட்டு விஷயத்துல எனக்கு ரொம்ப புடிச்சது பார்சிலோனா தன்னாட்சி பல்கலைக்கழகத்துல பண்ணியிருக்கறது. அவங்க ஆராய்ச்சி கட்டடத்தோட மொட்டை மாடியிலயே பசுமைக்குடில கட்டி, கட்டடத்துக்குள்ள வீணா போற சூட்டையும் ஆளுங்க மூச்சு விடற கார்பன் டை ஆக்சைட கலந்த காத்தையும் அங்க திருப்பி விட்டு, மாடியில விழற மழைத்தண்ணிய சேத்து அதுலயே செடி வளக்கறாங்க. வெளிச்சத்துக்கு சூரியன். நகரத்துல ஏற்கனவே வீணாகிட்டிருக்கறத எடுத்து சாப்பாடா மாத்தறாங்க, நம்ம பெட்டி புதுசா செலவ இழுத்து விட்டு அதுல சாப்பாடு வளக்குது. ஒரு பெட்டியையும் ஒரு கட்டடத்தையும் ஒப்பிடறது ஓவர் தான், ஆனா எந்தப் பக்கம் போகணும்னு அது காட்டுது.

அன்றாட உபயோகத்துக்கு வர்றேன். பம்ப் சத்தம் பகல்ல தெரியாது, ராத்திரி வீடு அடங்கினப்புறம் ஒரு ஙொய்ங்னு வரும், படுக்கற ரூம்ல வெக்காதீங்க, அம்மா ரெண்டே நாள்ல "அத எடுத்து வெளிய வைடா"ன்னுட்டாங்க. தொட்டி வெள்ளை பிளாஸ்டிக், லைட் உள்ள ஊடுருவி பாசி புடிக்குது, கறுப்பு டேப் சுத்தி விட்டா சரியாயிடுது, ஆனா இத கம்பெனியே செஞ்சிருக்கணும்ல. இலையோட நுனி கருகறது இன்னொரு தொல்லை, நெறைய பேரு உரம் பத்தலன்னு நெனச்சு இன்னும் ஊத்தி கெடுத்துக்கறாங்க. வேகமா வளர்ற இளம் இலைக்கு கால்சியம் போய் சேராததால வர்றது அது, தண்ணில கால்சியம் இருந்தாலும் இலைய சுத்தி காத்து நகரலன்னா மேல ஏறாது. கார்னெல்ல இதுக்குன்னே செடிக்கு மேல இருந்து கீழ காத்து அடிக்கற மாதிரி ஃபேன் வெச்சு தீத்தாங்க. நானும் ஒரு யுஎஸ்பி ஃபேன மேல மாட்டி விட்டேன், அதுக்கப்புறம் வந்த இலை எல்லாம் சுத்தமா இருக்கு.

பிஎச், அதாவது தண்ணி எவ்ளோ அமிலமா காரமா இருக்குங்கற அளவு, அத பாக்க குடுத்திருக்கற காகிதம் சுத்த வேஸ்ட், கலர் அஞ்சா ஆறான்னு பாக்கறதுக்குள்ள காஞ்சிடுது. லெட்டூஸுக்கு 5.8 பக்கத்துல இருக்கணும், செடி நைட்ரேட்ட உறிஞ்ச உறிஞ்ச தண்ணியோட பிஎச் தானா மேல ஏறும், ரொம்ப ஏறினா இரும்புச் சத்து தண்ணில இருந்தும் வேரால எடுக்க முடியாது, புது இலை வெளிறிப் போகும். ஒரு டிஜிட்டல் பிஎச் மீட்டரும் உப்போட அளவு காட்டற இசி மீட்டரும் தனியா வாங்கிக்கோங்க. இது ரெண்டும் இருந்தா அந்த ஆப்பே தேவை இல்ல.

ஆப்புன்னதும் தான் ஞாபகம் வருது. லைட் எப்ப எரியணும்ங்கற ஒரு சாதாரண டைமர் வேலைய இணையம் வழியா, எங்கயோ இருக்கற சர்வர் வழியா பண்றான். வைஃபை போனா பழைய செட்டிங்லயே மாட்டிக்குது, 16 மணி நேரத்த 12 ஆக்கலாம்னு பாத்தா அதுக்கு அக்கவுன்ட், ஓடிபி, லொகேஷன் பர்மிஷன், ஏன்டா லெட்டூஸுக்கு என் லொகேஷன்? நாளைக்கு அந்த கம்பெனி கடைய மூடினா இந்த லைட்டு என்ன ஆகும்ங்கறது தான் பெரிய கேள்வி. எம்ஐடி மீடியா லேப்ல "ஃபுட் கம்ப்யூட்டர்"னு இதே மாதிரி பெட்டிய பெரிய அளவுல பேசினாங்க, 2020ல அந்த ப்ராஜெக்டையே மூடிட்டாங்க. அங்கயே அந்த கதின்னா நேத்து ஆரம்பிச்ச கம்பெனி ஆப்ப நம்பி எப்படி இருக்கறது.

அதவிட எரிச்சல் விதை பாட், அதாவது ஸ்பான்ஞ்சும் விதையும் சேத்து அவங்க விக்கற குட்டிக் கூடை. அவங்க அச்சுல இருக்கற பாட் மட்டும் தான் ஓட்டையில சரியா உக்காரும், தீந்தா அவங்க கிட்ட தான் வாங்கணும், ஒவ்வொண்ணும் தனித்தனி பிளாஸ்டிக்ல வரும். சாதாரண ஸ்பான்ஞ்ச வெட்டி பழைய கூடையிலயே வெச்சா அதே மாதிரி முளைக்குது, விதைய வெளிய வாங்கிக்கலாம். மேனுவல்ல "வாரண்டி செல்லாது"ன்னு மிரட்டியிருக்கான், ஸ்பான்ஞ்ச மாத்தினா லைட்டு எப்படி கெடும்னு தெரியல.

உரம் பாட்டில பத்தியும் சொல்லணும், ஏன்னா எரிசக்தி அதுக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கு. நைட்ரஜன் உரம் பெரும்பாலும் ஹேபர்-பாஷ் முறையில காத்துல இருந்து எடுக்கறது, உலக எரிசக்தியில ஒண்ணு ரெண்டு சதவீதம் அந்த ஒரு வேலைக்கே போகுது. பாஸ்பரஸ் பாறைய வெட்டி எடுக்கறது. அறுவடை முடிஞ்சு தொட்டிய கழுவறப்ப மீதி இருக்கற கரைசல சிங்க்ல ஊத்துங்கன்னு மேனுவல் சொல்லுது, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சாக்கடை வழியா ஏரி குளத்துல சேந்தா அங்க பாசி மண்டும். சிங்க்ல ஊத்தாம நல்லா தண்ணி கலந்து மத்த தொட்டிச் செடிக்கு ஊத்துங்க, அதுங்க சந்தோஷமா குடிக்கும். மேனுவல்ல இந்த ஒரு வரி போட ஏன் யாருக்கும் தோணலன்னு தெரியல.

சரி, இதெல்லாம் லைட்டு இல்லாம மண்ணுலயே நகரத்துக்குள்ள தோட்டம் போட்டா சரியாயிடுமான்னு கேட்டா, அதுவும் தானா சரியாகாது. மிச்சிகன் பல்கலைக்கழகம் முன்ன நின்னு பண்ண ஒரு ஆய்வு 2024 ஆரம்பத்துல வந்துச்சு, பிரான்ஸ், ஜெர்மனி, போலந்து, பிரிட்டன், அமெரிக்கா அஞ்சு நாட்டுல 73 நகர தோட்டம், பண்ணைங்கள்ல உள்ள போற பொருள் ஒவ்வொண்ணையும் குறிச்சு வெச்சு கணக்கு பாத்தது. அங்க விளைஞ்ச காய்கறி ஒரு வேளை அளவுக்கு 0.42 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமம், வழக்கமான விவசாயத்துல 0.07. ஆறு மடங்கு. இத பாத்துட்டு நகர விவசாயமே ஏமாத்துன்னு நெறைய பேரு குதிச்சாங்க, அந்த ஆய்வு சொன்னது அது இல்ல. அந்த செலவுல பெரும்பங்கு எங்க இருந்து வந்துச்சுன்னா பாத்தி கட்டின பலகை, கொட்டகை, பாதை மாதிரி கட்டுமானத்துல இருந்து. ஒரு பாத்திய 5 வருஷத்துல தூக்கிப் போட்டா அதே பாத்திய 20 வருஷம் வெச்சுக்கறத விட ஒரு வேளை காய்கறிக்கு சுமார் நாலு மடங்கு பாதிப்பு. வெளிய மண்ணுல வளந்த தக்காளி, கண்ணாடிக் குடில்ல சூடு போட்டு வளக்கற தக்காளிய விட நல்லாவே இருந்துச்சு, விமானத்துல வர்ற அஸ்பாரகஸுக்கு பதிலா உள்ளூர்ல வளத்ததும் அப்படித்தான். நகரத்து கழிவ உரமாக்கி, மழைத்தண்ணிய சேத்து பயன்படுத்தினா இன்னும் இறங்கும்ங்கறதும் அதுல இருக்கு.

என் பெட்டிக்கு இதே அளவுகோல போட்டா, ஒரு வேளைக்கு 80 கிராம்னு வெச்சுக்கிட்டா, அந்த 8 கிலோவ வகுத்தா ஒரு வேளைக்கு 1.3 கிலோ. லைட்டு கரண்ட் மட்டும், பிளாஸ்டிக்கு, பம்ப், சர்க்யூட் போர்டு எதையும் சேக்காம. இந்த ரெண்டு கணக்கும் ஒரே முறையில போட்டது கிடையாது, அதனால அப்படியே பக்கத்துல பக்கத்துல வெச்சு சண்டை போட முடியாது, ஆனா எந்த பக்கம் சாயுதுன்னு பாக்க போதும். செகண்ட் ஹேண்ட் சைட்ல போய் பாருங்க, ரெண்டு மூணு தடவ வளத்துட்டு போரடிச்சு விக்கற இதே மாதிரி பெட்டி வரிசையா கிடக்கு. அந்த பாத்தி கணக்குப்படி இது தான் இருக்கறதுலயே மோசமான உபயோகம். புதுசு வாங்காதீங்க, அங்க இருந்து ஒண்ண எடுங்க, நான் இந்த ரிவ்யூவுல குடுக்கற அட்வைஸ்லயே உருப்படியானது இது தான்.

சோலார் போட்டு லைட்டு எரிச்சா ஆச்சான்னு கமெண்ட்ல கேப்பீங்க. கார்பனும் மறைமுகத் தண்ணியும் குறையும், வாஸ்தவம். ஆனா பேனல் வெயில்ல அஞ்சுல ஒரு பங்க தான் கரண்டாக்கும், எல்இடி அதுல பாதிய தான் திரும்ப வெளிச்சமாக்கும், கடைசியில கூரையில விழுந்த வெளிச்சத்துல பத்துல ஒரு பங்கு தான் இலைக்கு வரும். அந்த கூரையிலயே செடிய வெச்சிருந்தா முழுசும் கிடைச்சிருக்கும். அரிசோனா பல்கலைக்கழகத்துல கிரெக் பேரன்-கேஃபர்ட் குழு இத தலைகீழா யோசிச்சாங்க, அவங்களோட பயோஸ்பியர் 2ங்கற ஆராய்ச்சி வளாகத்துல பேனலுக்கு நேர் கீழ நெழல்ல செடி வெச்சாங்க. 2019ல வந்த முடிவுல சில்டெபின் மிளகாய் மூணு மடங்கு, தக்காளி ரெண்டு மடங்கு காய்ச்சிருக்கு, மண்ணுல ஈரம் கூட நேரம் நின்னிருக்கு, செடி விடற ஈரத்தால பேனலும் பகல்ல கிட்டத்தட்ட 9 டிகிரி குளுமையா இருந்திருக்கு, குளுந்த பேனல் கூட கரண்ட் குடுக்கும். சாப்பாடு, கரண்ட், தண்ணி மூணும் ஒரே இடத்துல ஒண்ணுக்கொண்ணு உதவி பண்ணிக்குது. வெயில் கொளுத்தற பாலைவனத்துல வந்த ரிசல்ட் அது, மேகமூட்டமான ஊர்ல அதே நம்பர எதிர்பாக்கக் கூடாது.

வீட்டுல கரண்டே இல்லாம ஹைட்ரோபோனிக்ஸ் வேணும்னா அதுக்கும் ஒரு யுனிவர்சிட்டி வழி இருக்கு. ஹவாய் பல்கலைக்கழகத்துல பெர்னார்ட் க்ராட்கிங்கறவர் கொண்டு வந்த முறை, பம்பே கிடையாது. மூடி போட்ட டப்பாவுல உரத்தண்ணிய ஊத்தி செடிய மூடியில தொங்க விட்டா போதும், செடி தண்ணிய குடிக்க குடிக்க மட்டம் இறங்கும், நடுவுல வர்ற இடைவெளியில மேல் வேர் காத்த எடுத்துக்கும், கீழ் வேர் தண்ணிய எடுத்துக்கும். லெட்டூஸுக்கு இது அம்சமா வேலை செய்யுது. நான் இப்ப இந்த பெட்டியவே அப்படித்தான் ஓட்டறேன், பம்ப கழட்டிட்டேன், வெயில் வர்ற ஜன்னல் ஓரமா தள்ளிட்டேன், மேகமா இருக்கற நாள்ல மட்டும் லைட்டு. வளர கூட நாள் எடுக்குது, இலை கொஞ்சம் சின்னது, மீட்டர்ல வர்ற யூனிட் பழையதுல கால்வாசி கூட இல்ல. இந்த மாதிரி பாத்தா கம்பெனி குடுத்ததுல எனக்கு உருப்படியா மிஞ்சினது ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் ஆறு ஓட்டையும் தான்.

மார்க் போடணும்னா, கம்பெனி சொன்னபடி மூலையில வெச்சு 16 மணி நேரம் லைட்டு எரிய விடறவங்களுக்கு அஞ்சுக்கு ரெண்டு. ஜன்னல் இருந்து, பம்ப கழட்டி, ஸ்பான்ஞ்ச மாத்தி, பல வருஷம் ஓட்டற பொறுமை இருக்கறவங்களுக்கு மூணரை. துளசி வகை, புதினா மாதிரி ஒரு பிடி தேவைப்பட்டு ஒரு கட்டு வாங்கி மீதிய குப்பையில போடற வீடுன்னா நாலு கூட குடுக்கலாம், ஏன்னா தேவைப்படறப்ப ரெண்டு இலை கிள்ளிக்கலாம், வீணாகறது நின்னுடும். லெட்டூஸ் நெறைய சாப்பிடறவங்க இத நம்பாதீங்க, ஆறு ஓட்டை ஒரு ஆளுக்கே பத்தாது. வாங்கறதுக்கு முன்னாடி கடைக்காரன் கிட்ட மூணே மூணு கேள்வி கேளுங்க, லைட்டு ஜூலுக்கு எத்தன மைக்ரோமோல், ஆப் இல்லாம டைமர் வேலை செய்யுமா, வெளிய வாங்கற ஸ்பான்ஞ்சும் கூடையும் ஓட்டையில உக்காருமா. மூணுக்கும் முழிச்சான்னா வேற கடை பாருங்க.